சுடரின் நிழலும் பொன்னின் பச்சை ஒளியும்: ஒளி ஊடுருவல் கற்பித்தலில் பாரடேயின் பங்கு

முன்னுரை

பொருள்களை ஒளி ஊடுருவுபவை, ஒளி கசிபவை, ஒளி ஊடுருவாதவை என மூவகைப்படுத்துவது பள்ளிப் பாடநூல்களின் பொதுமரபு. கண்ணாடி, எண்ணெய் தடவிய தாள், உலோகத் தகடு ஆகியன முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பெறும். இப்பாகுபாடு பொருளின் மாறா இயல்பைச் சுட்டுகிறதா, அது இருக்கும் நிலையைச் சுட்டுகிறதா என்பது கற்பித்தலில் முதன்மையான வினா. மைக்கேல் பாரடேயின் சிறுவர் சொற்பொழிவும் ஆய்வும் இவ்வினாவுக்குத் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுவர் சொற்பொழிவு

இலண்டன் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பாரடே 19 தொடர்களை நிகழ்த்தினார். 1860-61ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மெழுகுவர்த்தி குறித்து அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பிக்க, 1861இல் அவை நூலாயின.

அத்தொடரில், எரியும் மெழுகுவர்த்தியின்மீது மின்னொளியைப் பாய்ச்சிச் சுடரின் நிழலைத் திரையில் வீழ்த்தினார் பாரடே. சுடரில் மிகுந்து ஒளிரும் பகுதியே நிழலில் மிகவும் இருண்டு தோன்றியது. சுடரிலுள்ள திண்மக் கரித்துகள்கள் வெம்மையால் ஒளிர்கின்றன. அவையே தம்மினும் வலிய மின்னொளியைத் தடுக்கவும் செய்கின்றன. கண்ணுக்குப் புலப்படாது மேலெழும் வெப்பக் காற்றோட்டமும் திரையில் நிழலாகப் பதிந்தது. காற்று ஒளியைத் தடுப்பதன்று; வெப்ப வேறுபாட்டால் அதன் அடர்த்தி மாறி ஒளி விலகலுறுவதே அத்தோற்றத்திற்குக் காரணம்.

பொன்னிதழ் ஆய்வு

இதற்கு முன்னரே, 1857இல், பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு பற்றிய தம் ஆய்வுரையைப் பாரடே வெளியிட்டிருந்தார். அடித்து மெலிதாக்கிய பொன்னிதழ் மஞ்சள் ஒளியை எதிரொளிக்கும். ஊடுருவிச் செல்லும் ஒளியோ பச்சையாகத் தோன்றும். கண்ணாடிமேல் இட்ட இதழைச் சூடாக்கியபோது பச்சை நிறம் மறைந்து ஒளி ஊடுருவல் மிகுந்தது. அழுத்தியபோது பச்சை மீண்டது. பொன் என்னும் பொருள் மாறவில்லை. அதன் நிலையே மாறியது. ஒளி ஊடுருவாப் பொருளுக்குச் சான்றாகக் காட்டப்படும் உலோகமும் போதிய அளவு மெலிந்தால் ஒளியை விடுக்கும் என்பது இதனால் பெறப்படும்.

கற்பவர் மனநிலை

ரோசலின்ட் டிரைவர் முதலியோர் பதிப்பித்து 1985இல் வெளிவந்த, சிறுவர்தம் அறிவியல் எண்ணங்கள் பற்றிய நூல் இங்குக் கருதத்தக்கது. சிறுவர் பலர் ஒளியை விளக்காகவோ சுவரில் விழும் வெளிச்சமாகவோ மட்டுமே கருதுகின்றனர். இடைவெளியில் செல்லும் ஒன்றாக அதனை எண்ணுவதில்லை. அத்தகையோர்க்கு 'ஊடுருவல்' என்பது மனனம் செய்யும் சொல்லாகவே எஞ்சும். மூவகைப் பட்டியலைச் சரியாக நிரப்பும் மாணவன்கூட நிழல் எவ்வாறு தோன்றுகிறது என விளக்க இயலாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பாரடேயின் செய்முறையோ மூலத்திற்கும் திரைக்கும் இடையே ஒளிக்கு நேர்வதை நோக்கச் செய்கிறது.

முடிவுரை

மூவகைப் பாகுபாடு தொடக்கநிலைக்குப் பயன்படுவதே. எனினும், அதனைப் பொருள்களின் பெயர்ப்பட்டியலாக நிறுத்திவிடுதல் பொருந்தாது. தடிப்பு, வெப்பம், துகள்நிலை, ஈரம் ஆகியவற்றால் ஒரே பொருள் வகை மாறும். எண்ணெய் தடவிய தாள் என்னும் பாடநூல் எடுத்துக்காட்டே இதற்குப் போதிய சான்று: எண்ணெய் தடவுமுன்னும் தடவிய பின்னும் அதே தாளை விளக்கின்முன் பிடித்துக் காட்டினால், நிலைமாற்றத்தை மாணவர் தாமே உணர்வர்.