எரிந்த கடையும் எழுந்த கோயிலும்



படித்து முடித்ததும் மாதச் சம்பளத்திற்கு ஒரு வேலை என்பதே நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் வழி. சொந்தத் தொழில் செய்வேன் என்று ஒரு மாணவன் சொன்னால் தயங்குகிறோம். அத்தயக்கம் தவறன்று. ஆயினும் விடை கூறுமுன், நாராயண பிள்ளையின் வரலாற்றை அவனுடன் சேர்ந்து படிப்போமே!

1819ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் இவர். அப்போது சிங்கப்பூரின் எதிர்காலமே உறுதியாகவில்லை. டச்சுக்காரர்கள் அதற்கு உரிமை கோரி வந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே அச்சிக்கல் தீர்ந்தது. அத்தகைய ஊரில் பிள்ளை துணிந்து முதலிட்டார்.

புதிய ஊருக்கு வீடுகள் தேவை என்பதை அவர் கண்டார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். தச்சர்களையும் கொத்தனார்களையும் துணி வணிகர்களையும் அனுப்புமாறு பினாங்கிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் பெயர் பெற்றார். பின்னர், கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடையும் திறந்தார்.

1822இல் மூண்ட தீயில் அக்கடை சாம்பலானது. கையிருப்பு அழிந்தது, கடன் மட்டும் எஞ்சியது. கடன் கொடுத்தவர்கள் நெருக்கினர். பிள்ளை ராபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். வணிகச் சதுக்கத்தில், இன்றைய ராபிள்ஸ் பிளேஸ் பகுதியில், கிடங்கு கட்ட அவருக்கு இடம் கிடைத்தது. தொழில் மீண்டது. 1827இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் அவர் எழுப்பிய மாரியம்மன் கோயில், இன்று சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலாக விளங்குகிறது.

வணிகர்களின் வெற்றியை மட்டும் மாணவர்களுக்குச் சொல்லி, எரிந்த கடையை மறைத்துவிடுவது நன்றன்று. உழைப்பாளியின் முதலையும் தீ விட்டுவைப்பதில்லை. ஆளுநரின் ஆதரவு எல்லார்க்கும் வாய்ப்பதுமில்லை. அதே வேளையில், ஊரின் தேவையை அறிந்ததும், தெரிந்தவர்களைத் துணைக்கு அழைத்ததும், விழுந்தபின் கடனுக்கு அஞ்சி ஒளியாமல் உதவி கேட்டதும் பிள்ளையின் சொந்தப் பண்புகள். அவற்றைக் கற்பிக்க நம்மால் இயலும்.

ஆகவே, தொழில் தொடங்க விரும்பும் பிள்ளையிடம், "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், "இழப்பு வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.