முத்துக்குளித்துறையில் வீட்டுப் பராமரிப்பும் அரசு உதவியும்

தூத்துக்குடியை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கரை முத்துக்குளித்துறை எனப்படும். முதியோரையும் நோயாளிகளையும் பேணும் பொறுப்பைக் குடும்பமும் பொது அமைப்புகளும் பகிர்ந்துகொண்ட வரலாறு இக்கரைக்கு உண்டு.

உறவின் பொறுப்பு

முத்துக்குளிப்பவர் கல்லின் துணையோடு கடலுள் இறங்கும்போது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மனைவியின் உடன்பிறந்தவரே கயிறு பிடிப்பது வழக்கம் என்பர். கடலில் உயிரைக் காக்கும் பொறுப்பு உறவினரிடம் இருந்தது. கரையில் நோயுற்றோரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். நோயாளிகளை வீட்டிற்கு வெளியே பேணுவதற்கு இப்பகுதியில் எடுக்கப்பட்ட தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

அரசின் பங்கு

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியத் திட்டம் 1962இல் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. 2023இல் இத்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் சட்டக் கடமை என்பதை 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வலியுறுத்தியது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் இது மாநிலம் முழுவதும் விரிந்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பரிசோதித்து, மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகின்றனர். படுக்கையில் உள்ளோருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதைப் பெற்றது.

பயனும் எல்லையும்

உப்பளத்திலும் மீன்பிடித் தொழிலிலும் நாட்கூலி பெறுவோருக்கு, மாத்திரை வாங்க மருத்துவமனை செல்லும் நாள் கூலி இழக்கும் நாளாகும். மருந்து வீடு தேடி வருவதால் அந்த இழப்பு குறைகிறது. ஆனால் செவிலியர் வந்து செல்வது சிறிது நேரமே. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கைப்புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்க வைத்தல் போன்ற வேலைகள் மனைவி, மகள், மருமகள் ஆகியோரிடமே உள்ளன. இவ்வேலைக்காக அவர்கள் இழக்கும் கூலியை மேற்கண்ட திட்டம் ஈடுசெய்வதில்லை. நோயாளிக்கு மருத்துவம் வீடு தேடி வந்துவிட்டது. அவரைப் பேணுபவருக்கு ஓய்வும் ஊதியமும் கிடைக்க வழிசெய்வதே இதன் அடுத்த படியாகும்.