பாக்கெட் பன்னின் ஊட்டச்சத்து: ஒரு வரலாறு

மைதா, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு, எண்ணெய் அல்லது தாவரக் கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அடுமனையில் சுட்டு, உறையிட்டு விற்கப்படும் சிறிய ரொட்டியே பாக்கெட் பன் ஆகும். சாதாரண வெள்ளைப் பன் 100 கிராமில் ஏறத்தாழ 270 கிலோகலோரி ஆற்றலும், 50 கிராம் மாவுச்சத்தும், 8 முதல் 9 கிராம் புரதமும், 2 கிராம் அளவில் நார்ச்சத்தும், 450 முதல் 500 மில்லிகிராம் சோடியமும் இருக்கும். தயாரிப்பாளருக்கு ஏற்ப இவை சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம். இந்த எண்களுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. கோதுமையிலிருந்து ஆலைகள் எதை நீக்கின, சட்டங்கள் எதைத் திரும்பச் சேர்த்தன, எதை விட்டுவிட்டன என்பதே அந்த வரலாறு.

கோதுமை மணியும் உருளை ஆலையும்

கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உள்ளன. எடையில் ஏறத்தாழ 83 விழுக்காடு முளைசூழ்தசை, 14 விழுக்காடு தவிடு, 2 முதல் 3 விழுக்காடு முளைக்கரு. மாவுச்சத்தும் புரதத்தின் பெரும்பகுதியும் முளைசூழ்தசையில் உள்ளன. நார்ச்சத்து, இரும்பு, மக்னீசியம், பி வகை உயிர்ச்சத்துகள் ஆகியவை பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ளன.

கல் திரிகையில் அரைக்கும்போது இவை முழுமையாகப் பிரிவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலும், பின்னர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலும் உருளை ஆலைகள் பரவின. வார்ப்பு இரும்பு அல்லது பீங்கான் உருளைகளுக்கு இடையே மணி உடைக்கப்பட்டு, தவிடும் முளைக்கருவும் தனியே சலித்து எடுக்கப்பட்டன. முளைக்கருவில் உள்ள எண்ணெய் நீங்கியதால் மாவு சிக்கு வாடை இல்லாமல் பல மாதங்கள் தாங்கியது. முன்பு வசதி படைத்தோருக்கே கிடைத்த வெள்ளை மாவு எல்லோருக்கும் மலிவாகக் கிடைத்தது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. முழுக் கோதுமை மாவு 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. வெள்ளை மாவில் அது 3 கிராமுக்கும் குறைவு. இரும்பு 3.6 மில்லிகிராமிலிருந்து 1.2 மில்லிகிராமாகவும், தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து 0.5 மில்லிகிராமிலிருந்து 0.1 மில்லிகிராமாகவும், மக்னீசியம் 135 மில்லிகிராமிலிருந்து 20 மில்லிகிராம் அளவுக்கும் குறைகின்றன.

நோய் காட்டிய வழி

உயிர்ச்சத்து என்ற கருத்தே அறியப்படாத காலத்தில் இந்த இழப்பை யாரும் உணரவில்லை. அதை உணர்த்தியது ரொட்டி அல்ல, அரிசி. 1890களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதையும், தவிடு கலந்த உணவு அதைக் குணப்படுத்துவதையும் கண்டார். இப்பணிக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நோயைத் தடுத்த பொருளைப் பிரித்தறிந்தவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். அமெரிக்க மதப்பரப்புநர் குடும்பத்தைச் சேர்ந்த இவர், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் 1886இல் பிறந்தவர். மணிலாவில் பணியாற்றியபோது அரிசித் தவிட்டுச் சாற்றை ஆராயத் தொடங்கிய இவர், 1936இல் தயமினைச் செயற்கையாக உருவாக்கினார். ஆலையில் உயிர்ச்சத்தை மாவுடன் கலப்பது இதன்பின் கட்டுப்படியாகும் செயலாயிற்று. மாவைச் செறிவூட்ட வேண்டும் என்று வாதிட்டவர்களிலும் வில்லியம்ஸ் முன்னணியில் இருந்தார்.

இரண்டு போர்க்கால வழிகள்

இரண்டாம் உலகப் போரின்போது இச்சிக்கலுக்கு இரு நாடுகள் இரு வேறு தீர்வுகளைக் கண்டன.

பிரிட்டன் 1942இல் 'தேசிய ரொட்டி'யை அறிமுகப்படுத்தியது. கோதுமையின் 85 விழுக்காட்டை மாவாக்கியதால் தவிட்டின் ஒரு பகுதியும் முளைக்கருவும் ரொட்டியில் தங்கின. கப்பலில் வரும் கோதுமையும் மிச்சமானது. அதன் மங்கிய நிறத்தை மக்கள் விரும்பவில்லை. 1956இல் அது முடிவுக்கு வந்தபின், வெள்ளை மாவில் இரும்பு, தயமின், நியாசின், கால்சியம் ஆகியவற்றைச் சேர்ப்பது சட்டமானது.

அமெரிக்கா மாவை வெள்ளையாகவே விட்டு, இழந்தவற்றில் சிலவற்றை மட்டும் திரும்பச் சேர்த்தது. தயமின், ரிபோஃபிளேவின், நியாசின், இரும்பு ஆகியவற்றைச் சேர்ப்பது 1943இல் போர்க்கால ஆணையின் மூலம் கட்டாயமாயிற்று. நியாசின் குறைவால் தென் மாநிலங்களில் பலரைப் பலிகொண்ட பெல்லாக்ரா நோய் மறைய இதுவும் துணைசெய்தது. பின்னர் உலகெங்கும் பரவியது அமெரிக்க வழிதான். மக்னீசியமும் நார்ச்சத்தும் அதில் திரும்ப வரவில்லை.

ஃபோலிக் அமிலம்

கருவுற்ற தொடக்க வாரங்களில் தாயின் உடலில் ஃபோலிக் அமிலம் குறைந்தால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகாத நரம்புக் குழல் குறைபாடு ஏற்படக்கூடும். முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் அளித்தால், அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்பதைப் பிரிட்டன் தலைமையில் நடந்த ஆய்வு 1991இல் நிறுவியது. கருவுற்றதைத் தாய் அறியும் முன்பே இச்சத்து தேவைப்படுவதால், அன்றாட உணவில் சேர்ப்பதே பயனுள்ள வழி. அமெரிக்கா 1998 முதல் 100 கிராம் தானியப் பொருளுக்கு 140 மைக்ரோகிராம் என்ற அளவில் இதைக் கட்டாயமாக்கியது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பிரிட்டனில் அதற்கான சட்டம் 2024இல்தான் இயற்றப்பட்டது.

இந்தியாவில்

இந்திய அரசு 1965இல் தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனம், உயிர்ச்சத்து சேர்த்த ரொட்டியை நகரங்களில் பரவலாக்கியது. 2000ஆம் ஆண்டில் அதன் 74 விழுக்காட்டுப் பங்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது.

2016இல் ரொட்டி மாவைப் பதப்படுத்தும் பொட்டாசியம் புரோமேட் தடைசெய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, செறிவூட்டிய மைதாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை இருக்க வேண்டும். ஆனால், மைதாவைச் செறிவூட்டுவது ஆலைகளின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. ஃபோலிக் அமிலத்தின் அளவும் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் மட்டுமே. இது அமெரிக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

உறை சொல்வதும் சொல்லாததும்

உறையிட்ட உணவுகளில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவற்றைக் குறிப்பிடுவது இந்தியாவில் கட்டாயம். இவற்றுள் சோடியம் கவனத்திற்குரியது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 50 கிராம் பன் இரண்டு சாப்பிட்டால், அதில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடும். இனிப்புப் பன்னிலும் உப்பு உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. தென்னாப்பிரிக்கா 2016 முதல் ரொட்டியில் சோடியத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதித்துள்ளது.

சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. 'கோதுமை பன்' என்று பெயரிருந்தாலும், பட்டியலில் முதலில் மைதா இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளைப் பன்தான். செறிவூட்டிய மாவு எனில் உறையில் கூட்டல் குறியுடன் கூடிய 'எஃப்' சின்னம் இருக்கும். நார்ச்சத்தும் மக்னீசியமும் கட்டாயப் பட்டியலில் இல்லை. உருளை ஆலை அதிகமாக நீக்கியவை இவையே. ஆகவே, உறையில் உள்ள எண்களோடு சேர்பொருள் பட்டியலையும் படித்தால்தான் பன்னின் தரத்தை முழுமையாக அறிய முடியும்.