பம்பாயில் எழுந்த சிறுத்தைகள்

1972-ஆம் ஆண்டு பம்பாய் நகரில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றிற்று. முன்னின்றவர்கள் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே. வி. பவார் முதலிய இளம் எழுத்தாளர்கள். தசாலுக்கு அப்போது வயது 23. அமெரிக்கக் கருஞ்சிறுத்தைக் கட்சியைப் பார்த்தே பெயர் சூட்டிக்கொண்டனர். குடியரசுக் கட்சியின் மூத்தோர் பிளவுபட்டுக் கிடந்ததும், நாட்டுப்புறங்களில் நடந்த கொடுமைகளும் அவர்களைக் கொதிப்படையச் செய்தன. அக்கொடுமைகளை அரசுக்கு எடுத்துரைத்த 1969-ஆம் ஆண்டறிக்கை, நம் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் தலைமையிலமைந்த குழுவினுடையது என்பதை இளைஞர் பலர் அறியார்.

1974 ஜனவரியில் பம்பாய் நாடாளுமன்ற இடைத்தேர்தலைப் புறக்கணிக்க அவர்கள் அறைகூவினர். வாக்குக் கேட்டு வருவோர்க்கு வாக்கை மறுத்தலும் ஓர் ஆயுதமன்றோ! வர்ளியில் கலவரம் மூண்டது. ஊர்வலத்தின்மீது எறியப்பட்ட கல்லால் பகவத் ஜாதவ் என்னும் இளைஞர் உயிர்நீத்தார்.

ஆனால் அவ்வாண்டிலேயே இயக்கம் உடைந்தது. உழைப்பாளர், நிலமற்றோர், பெண்கள் அனைவரையும் தலித் என்றே கொண்டது 1973-ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கை. தசால் பொதுவுடைமையையும் தாலே பௌத்தத்தையும் பற்றி நின்றனர். கொள்கை வேறுபாடு என்பர். தன்முனைப்பும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். 1977-இல் தாலேயும் பவாரும் இயக்கத்தைக் கலைத்துவிட்டதாக அறிவித்தனர்.

எனினும் 1982-இல் மலைச்சாமி அப்பெயரைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார். 1989-இல் அவர் மறைந்தபின், 1990-இல் தொல். திருமாவளவன் பொறுப்பேற்றார். 1999-இல் அவ்வியக்கம் முதன்முறையாகத் தேர்தற் களம் புகுந்தது.