நீர்மட்டம் காணும் வானலை

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று இத்தனை அடி என்னும் வாக்கியத்தைக் கேளாது தமிழகத்தில் வளர்ந்தவர் எவரும் இலர். 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வணை 120 அடியை எட்டிவிட்டது என்று வானொலி அறிவித்தால், தஞ்சையை விட்டு மும்பையிலோ தில்லியிலோ குடியேறி ஒரு தலைமுறை கழிந்தவருக்கும் உள்ளம் குளிர்கிறது. அந்த எண்ணைப் பார்த்துச் சொல்பவர் யார், எங்ஙனம் பார்க்கிறார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் நதிநீர் வழக்குகள் பலவற்றின் அடியில் கிடப்பது இந்த எளிய வினாவேயாகும்.

வினாவின் முழுப் பொருளையும் காண அகளிக்குச் செல்வது நலம். பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கின் தலைமை ஊர் அது. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் கலந்தே ஒலிக்கும். நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துள் புகுந்து, இப்பள்ளத்தாக்கில் கிழக்கே திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டை அடைகிறது. சிறுவாணி ஆறும் இப்பள்ளத்தாக்கிலேயே அதனோடு கலக்கிறது. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் பாம்பாறும் இவ்வண்ணமே மறையூர்ப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி ஓடி அமராவதியைச் சேர்கிறது. கேரளத்து ஆறுகளில் மிகப் பெரும்பாலானவை மேற்கே கடலை நாட, கபினியும் பவானியும் பாம்பாறும் மட்டுமே கிழக்கே வருவன. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அளித்த தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி. நீரில், கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3 என்று பங்கு பிரிந்தது.

சிறுவாணியின் கணக்கு தனி. அந்நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே கோவை நகருக்கு வருகிறது. 1973-ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கோவைக்கு ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நீர் உரியது. அணை நிற்கும் நிலம் கேரளத்தினது. நீரைப் பருகுவோர் கோவை மக்கள். அதன் முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 878.5 மீட்டர். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அணையின் பாதுகாப்பைக் கருதிக் கேரள அதிகாரிகள் 877 மீட்டரிலேயே நீரை நிறுத்திய காலங்களில், கோவையில் எழுந்த மனக்குறை சிறிதன்று. எஞ்சிய ஒன்றரை மீட்டர் ஒரு நகரத்தின் கோடைத் தாகம் அன்றோ? இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே அணையின் மட்டத்தைப் பதிவேடு கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் கூறும். கோவை நாளிதழ்களோ அணையின் அடியிலிருந்து அடிக்கணக்கில் கூறும். எங்கிருந்து அளந்தோம் என்பதைச் சொல்லாத எண், வழக்கில் பாதி எண்ணே.

இவ்வளவும் நெடுங்காலமாக ஓர் அளவுகோலைக் கொண்டே அறியப்பட்டு வந்தன. பாலத் தூணிலோ கரைப் படியிலோ சென்டிமீட்டர் வரிகள் தீட்டிய பலகையைப் பொருத்துவர். பணியாள் நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்துக் குறிப்பார்; மழைக்காலத்தில் மணிக்கொரு முறை பார்ப்பார். மத்திய நீர் ஆணையம் 1958-ஆம் ஆண்டில் தில்லியில் யமுனைக்கு வெள்ள முன்னறிவிப்புப் பிரிவைத் தொடங்கியது. அவ்வகைப் பணிக்கு ஆதாரமாக நின்றவர்கள் இத்தகைய மனிதர்களும், அவர்கள் சொன்ன எண்ணைத் தலைமையகம் சேர்த்த கம்பியில்லாத் தந்திப் பெட்டிகளுமே. அவர்களை நாடு போதிய அளவு நினைத்ததில்லை என்பது நம் கருத்து. எனினும் பெருமழை பெய்யும் நள்ளிரவில், சுழித்தோடும் நீரில் பாதி மூழ்கிய பலகையைக் கைவிளக்கால் பார்ப்பவரிடம் எத்தகைய துல்லியத்தை எதிர்பார்க்க முடியும்? 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் இடுக்கி அணைக்காகச் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோது, கேரளம் முழுவதும் அந்த நீர்மட்டத்தின் எண்ணையே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத் தாமதமும் அஞ்சத்தக்கதாகி விட்டது.

ஆற்றினருகே ஆள் நில்லாமலே மட்டத்தைக் காணும் கருவிகளுள் ஒன்று ரேடார் மட்டமானி. அதன் வரலாற்றில் வானொலிக்கும் பங்குண்டு என்பதை இந்நேயர்கள் அறிவது பொருத்தமே. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆப்பிள்டன் என்ற ஆங்கில அறிஞர், பார்னெட் என்பாரின் துணையோடு, போர்ன்மத் நகரில் இருந்த பி.பி.சி. ஒலிபரப்பியைப் பயன்படுத்திக்கொண்டார். இரவு நிகழ்ச்சிகள் முடிந்தபின் அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் அமர்ந்து கேட்டார். வானில் மின்னேறிய அடுக்கில் பட்டுத் திரும்பிய அலையைக் கொண்டு அவ்வடுக்கின் உயரத்தைக் கணித்தார். 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும், டாவன்ட்ரி ஒலிபரப்பு நிலையத்தின் அலையிலே பறந்த விமானத்தை எட்டு மைல் தொலைவு வரை கண்டனர். ரேடாரின் பிறப்பு இதுவே என்பர். நம் நாட்டிலோ, ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கொல்கத்தாவில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளைப் படைத்துக் காட்டிவிட்டார். இன்றைய மட்டமானிகளில் ஒரு சாராரின் அலை ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர். போஸின் அலைக்கு நெருங்கிய உறவு. தொழிற்சாலைப் பணிக்கு முதலில் இம்முறையைக் கொண்டுவந்தவர்களுள் ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். 1970-களில் எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகளில் அதைப் பொருத்தினர். ஆறுகளுக்கு அது வந்தது பிற்பாடே.

அலை சென்று திரும்பும் காலத்தை நேரே அளப்பது எளிதன்று. பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரைத் தொட்டு மீள அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு. ஆகவே ஆப்பிள்டனின் உத்தியையே கருவி கையாளுகிறது. நாகசுர வித்துவான் ஒருவர் மலையை நோக்கிச் சுரத்தை இடைவிடாது மேலேற்றிக்கொண்டே போவதாக எண்ணுவோம். மலையிலிருந்து எதிரொலி வரும்போது அவர் வாசிப்பது அதைவிட உயர்ந்த சுரமாக இருக்கும். மலை எவ்வளவு தொலைவோ, அவ்வளவு இடைவெளி. கருவி அவ்விடைவெளியையே அளந்து தொலைவாக்குகிறது. ஒலியைக் கொண்டும் இவ்வாறு அளக்கும் கருவிகள் உள்ளன. ஆனால் காற்றின் வெப்பம் பத்து டிகிரி மாறினால் ஒலியின் வேகம் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு மாறிவிடும். திருத்தம் செய்யாவிடில் பத்து மீட்டரில் அது கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர்ப் பிழை. வானலைக்கு இத்தொல்லை இல்லையென்றே கூறலாம்.

இனிப் பொருத்தும் முறை. பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் இரும்புக் கையை ஆற்றின் மேல் நீட்டி, அதன் நுனியில் உணரியைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்துவர். அலை விளக்கொளியைப் போல விரியும். பத்துப் பாகை விரியும் கருவியாயின் பத்து மீட்டர் கீழே அதன் வட்டம் 1.75 மீட்டர், மூன்று பாகையாயின் அரை மீட்டர். அவ்வட்டத்துள் தூணோ பாறையோ படர்ந்த கிளையோ அகப்பட்டால், உணரி நீரை விட்டு அதைக் காட்டும். நுரைத்துக் கொந்தளிக்கும் இடமும் ஆகாது. இடம் அமைந்தபின், நிலையான பொய் எதிரொலிகளைக் கருவிக்கு முன்னமே காட்டி, இவற்றைப் பொருட்படுத்தாதே என்று பதியவைப்பர். அலைகளின் ஏற்றத்தாழ்வை அடக்கச் சில நிமிட அளவுகளைச் சராசரியாக்குவர். சூரியத் தகடு, மின்கலம், இடிதாங்கி, தொலைத்தொடர்பு ஆகியவை எந்நிலையத்திற்கும் பொதுவானவை.

உண்மையான சோதனை இதன் பின்னரே. கருவி அறிவது தன் முகத்திலிருந்து நீர் வரை உள்ள தொலைவை மட்டுமே. நீரின் மட்டத்தை அறியாது. உணரியின் முகம் கடல் மட்டத்துக்கு மேல் 520 மீட்டரில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். தொலைவு 8.25 மீட்டர் எனில் நீர்மட்டம் 511.75. அந்த 520 என்னும் எண்ணைக் கருவி காண்பதில்லை. அருகில் பாறையில் வெட்டிய நில அளவைக் குறியிலிருந்து, மட்டப்பலகையும் தொலைநோக்கியும் கொண்டு ஒரு மனிதர் அளந்து எழுதித் தருகிறார். அதில் ஐந்து சென்டிமீட்டர் தவறினால், மில்லிமீட்டர் பிசகாத உணரி ஆண்டு முழுதும், நாள் முழுதும், ஒரே திசையில் ஐந்து சென்டிமீட்டர் தவறையே கூறும். பழைய பணியாளின் பிழை ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இப்பிழைக்கு அந்நாணயமும் இல்லை.

ஆற்று நீரை டி.எம்.சி. கணக்கில் பங்கிடும் எல்லையில் இது பெருங்காரியம். மட்டத்திலிருந்தே நீரோட்டத்தைக் கணிக்கின்றனர். கலிங்கின் மேல் முப்பது சென்டிமீட்டர் உயரம் ஓடும் வேனிற்கால நீரில் இரண்டு சென்டிமீட்டர் பிழைத்தால், ஓட்டத்தின் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிழைக்கும். கேரளமும் தமிழ்நாடும் ஒரே நிலைக்குறியை ஏற்று, இரு தரப்புப் பொறியாளரும் உடனிருந்து அந்த முதல் எண்ணைப் பதிந்தாலன்றிக் கருவியின் துல்லியத்தால் வழக்கு குறையுமென்று நாம் நம்பவில்லை.

ரேடார் வந்த இடங்களிலும் வரி தீட்டிய பலகையை அகற்றாமல் வைத்திருப்பது நல்வழக்கம். பணியாளின் எண்ணும் உணரியின் எண்ணும் வேறுபட்ட காலையில், முதலில் பலகையில் படிந்த சேற்றைக் கழுவிப் பார்ப்பர். பிறகு பாலத்தின் மேலேறி, உணரியின் முகத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பர். இரண்டும் சரியாயிருந்தால், மட்டப்பலகையைச் சுமந்துகொண்டு பாறைக் குறியினிடம் போவர்.