ஹெரால்டின் எலும்பும் பின்காலும்

பழைய காரை டிராக்கில் ஓட்ட ஆசைப்படும் மக்களே, இஞ்சினை அப்புறம் பார்ப்போம். முதலில் சேஸிஸ்.

1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்டு கம்பெனி மெட்ராஸில் தயாரித்தது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பாடியும் சேஸிஸும் ஒன்றுதான். ஹெரால்டுக்கோ தனிச் சட்டம். போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கினால் துரு எங்கே என்று பட்டவர்த்தனமாகத் தெரியும். பாலன்ஸ் ஷீட் பார்த்தே வயசான எனக்கு இந்த ஒளிவுமறைவில்லாத குணம் ரொம்பப் பிடிக்கும்.

முன்னால் டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். அருமை. வில்லங்கம் பின்னால்தான்: குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எம்பும், சக்கரம் உள்ளே மடங்கும்.

இதற்கு இரண்டு வைத்தியம் வந்தது. 1970-ல் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் அதே லீஃபை நடுவில் அசையும்படி மாற்றினார்கள். 1972-ல் மெட்ராஸ்காரர்கள் கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு லைவ் ஆக்ஸில் போட்டார்கள். பின்வாங்கல் என்பார்கள் சிலர். எங்க ஆரியங்கோடு பக்கத்து வளைவு ரோடுகளை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஹெரால்டு சட்டத்தையும் முன் சஸ்பென்ஷனையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த இரண்டில் ஒன்று. குதிரைசக்தி குறைந்தால் பந்தயம்தான் தோற்கும். பின்சக்கரம் மடங்கினால் வண்டியே கவிழும்.