மீம்

மீம் (பெயர்ச்சொல்): படமும் ஓரிரு வரிகளும் சேர்ந்து, கைமாறும்போதே புதுப்புது வடிவம் எடுக்கும் இணையக் கேலி.

இணையம் பரவுவதற்கு முன்பே பிறந்த சொல் இது. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் 'செல்ஃபிஷ் ஜீன்' நூலில் இதை உருவாக்கினார். 'பின்பற்றப்படுவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'மிமீமா'வை, 'ஜீன்' என்பதற்கு ஒலியில் இணையாக அவர் சுருக்கினார். மரபணு உடல்வழி பரவுவதுபோல, பாட்டும் பழக்கமும் மனங்களின் வழியே பரவுகின்றன என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் அந்தப் பரவலுக்குத் திரைப்பட நகைச்சுவையே விளைநிலம். உடுமலைப்பேட்டை அருகே வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணியின் முகபாவங்கள், அரசியல் முதல் அலுவலகச் சண்டை வரை எதற்கும் பொருந்தும் வார்ப்புகளாகிவிட்டன. கொங்கு வட்டாரத்தின் குசும்பு இன்று கோவையிலிருந்து இயங்கும் 'நக்கலைட்ஸ்' யூடியூப் சேனலிலும் தொடர்கிறது.

தமிழ் மீம்களை உலகமே திரும்பிப் பார்த்தது 2019 மே மாதக் கடைசியில். பொறியியல் மாணவர்களுக்கான ஒரு பேஸ்புக் பக்கம், சுத்தியல் படத்தைப் போட்டு அதன் பெயரைக் கேட்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் அது விழுந்ததாகத் தமிழர் ஒருவர் பதிலிட, நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது.

பேச்சில் 'ஒரு மீம்ஸ் போட்டான்' என ஆங்கிலப் பன்மையே ஒருமையாக நிலைத்துவிட்டது. செய்பவர் 'மீம் கிரியேட்டர்'. மீமைத் தமிழ் ஆர்வலர்கள் 'போன்மி' என்கிறார்கள். 'போலும்' என்பதன் குறுகிய வடிவமாக, மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இலக்கணம் காட்டும் 'போன்ம்' என்ற சொல்லை அது நினைவூட்டுகிறது.